அடிக்காமல் விட்ட வரி

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்திருந்தான். கராடியிலிருந்து விஷ்ராந்த்வாடியில் என் வீடு வரை பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஒரு பழுப்பு உறையை நீட்டினான். உன் அலமாரியை இப்போதுதான் ஒழித்தார்களாம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதுவரை உன் அம்மா அதை யாரையும் தொட விடவில்லையாம்.

"அக்கா, உங்க பேரு எழுதி இருந்துச்சு. உள்ளே ஒரு பேப்பர்தான். இங்கிலீஷ்ல டைப் பண்ணியிருக்கு, ஓரத்துல தமிழ்ல ஏதோ இருக்கு. எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே. க்யா லிக்கா ஹை, என்ன எழுதியிருக்கு அக்கா?"

பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு தாள். ஓரத்தில் பென்சிலில் உன் எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் பெரிது பெரிதாக. அதற்குக் கீழே நீல மையில் என் எழுத்து. இரண்டையும் படித்தேன். தாளை மடித்துக்கொண்டேன்.

"ஓரத்துல இருக்கிறது ரசம் வைக்கிற முறைப்பா," என்றேன். "உங்க அக்கா கேட்டா. எழுதிக் குடுத்தேன்."

நம்பிவிட்டான். உன் வீட்டில் எல்லாரும் நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள். அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், நான் உன்னிடம் முதலில் பேசியதே சண்டைதான். சிவாஜிநகரில் பழைய பங்களா ஒன்றின் மாடியில் நம் ஆய்வு மையம். நாம் சார் என்று கூப்பிட்ட ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் நடத்தியது. மூன்று அறை, ஒரு கணினி, மழைக்காலத்தில் ஒழுகும் கூரை. போதைப்பொருள் எந்தெந்த வழியாக மேற்கு இந்தியாவுக்குள் வருகிறது, எங்கே போகிறது, யார் கைக்கு மாறுகிறது என்று எழுதித் தருவது நம் வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நீ இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் வேலைக்கு வந்த முதல் நாளே, சுவரில் தொங்கிய வரைபடத்தில் குண்டூசி குத்தி ஒரு சிவப்பு நூலை நேராக இழுத்துக் கட்ட, நீ பின்னால் வந்து அவிழ்த்துவிட்டாய்.

"ரூட்டுன்னு ஒண்ணு கிடையாதுப்பா. ஆளுதான் ரூட்டு. ஆளை முதல்ல கண்டுபிடி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆறு மாதத்தில் உன் பேச்சு சரி என்று தெரிந்துபோனது. நீதிமன்றத் தீர்ப்புகளையும் செய்தித்தாள் துணுக்குகளையும் நாள்கணக்கில் அடுக்கியபோது ஒன்று புலப்பட்டது. தங்கமும் கைக்கடிகாரமும் கடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆட்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே தரகர்கள், அதே கிடங்குகள், அதே லாரிகள், சரக்கு மட்டும் வேறு. கிழக்கிலிருந்து கஞ்சா, வடக்கிலிருந்து ஹெராயின் என்கிற பழுப்புத் தூள், மூடிக்கிடந்த மருந்துத் தொழிற்சாலைகளிலிருந்து துறைமுகத்துக்குப் போதை மாத்திரை. ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியில் இருப்பது என்னவென்று பெரும்பாலும் தெரியாது. இதைத்தான் நாம் எழுத விரும்பினோம். பிடிபடுகிறவன் ஓட்டுநர், அனுப்புகிறவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று.

அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர் மட்டும். உனக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. மதிய சாப்பாட்டு நேரத்தில் நான்தான் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டதும் நீ செய்த முதல் வேலை, அறிக்கைகளின் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதியது. 'சார் இதை நாலு தடவை சொல்லிட்டார்.' 'இது புருடா.' 'பசிக்குது.' சார் அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ முக்கியமான ஆய்வுக் குறிப்பு என்று மரியாதையாக வைத்துவிடுவார். சிரிப்பை அடக்க முடியாமல் நீ மாடிப்படிக்கு ஓடுவாய்.

தளேகாவுக்கு நம்மைக் கூட்டிப்போனது உன் யோசனைதான். எக்ஸ்பிரஸ் சாலை வராத காலம். மும்பைக்குப் போகிற, வருகிற லாரிகள் எல்லாம் பழைய சாலையில்தான் போகும், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அதில் பாதி நாமக்கல், சங்ககிரி வண்டிகள். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் நம்மூர்ச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. இங்கே அவளைச் சரசு என்று வைத்துக்கொள்வோம். புருஷன் இல்லை. அவள் அண்ணன் லாரி ஓட்டுநர், வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியாக வருவான்.

முதல் தடவை போனபோது, இரண்டு பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றதைப் பார்த்துச் சரசு சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, சர்வே எடுக்க வந்தீங்களா? முதல்ல உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."

சாப்பிட்டோம். அன்று புதன்கிழமை. பச்சைப்புளி ரசம் கரைத்திருந்தாள். அடுப்பில் வைக்காத ரசம். புளித் தண்ணீரில் சின்ன வெங்காயத்தையும் நெருப்பில் சுட்ட மிளகாயையும் கையாலேயே பிசைந்துவிடுவாள், அவ்வளவுதான். நான் அதுவரை சாப்பிட்டதில்லை. நீ மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாய். புதன்கிழமை மட்டும்தான் கரைப்பேன் என்றாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். அந்த ரசத்துக்காகவே மும்பையிலிருந்து திரும்புகிற ஓட்டுநர்கள் புதன்கிழமை மதியம் அங்கே வந்து சேருகிற மாதிரி மலைமேல் லோணாவளாவில் வண்டியை நிறுத்திவைத்து எடுப்பார்கள்.

நாலு மாதம் போனோம். கேள்வி கேட்கவே இல்லை, சாப்பிட்டோம். ஐந்தாவது மாதம் அவள் அண்ணன் தானாகவே வாயைத் திறந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து நம் எதிரே உட்கார்ந்தான்.

"வெங்காய லோடுன்னு சொல்லி ஏத்தறாங்க. நடுவுல ரெண்டு மூட்டை மட்டும் வேற தையல். கேட்டா, நீ ஓட்டு, உனக்கெதுக்குங்கறான் புக்கிங் ஏஜெண்டு. போன மாசம் எங்கூட்டாளியப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. அவனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. ரெண்டு கொழந்தைங்க."

நான் எழுதிக்கொண்டேன். நீ எழுதவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "இவனை நாம காப்பாத்தணும்டீ. மத்த யாரையும் விட," என்றாய்.

அறிக்கையில் ஆட்களை மறைப்பதற்கு நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெயரை மாற்ற வேண்டும், ஊரை மாற்ற வேண்டும், உறவை மாற்ற வேண்டும். மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். சரசுவுக்கு வேறு பெயர். தளேகாவ் என்பதற்குப் பதில், நெடுஞ்சாலையோரம் ஓரிடம். அண்ணன் என்பதை எடுத்துவிட்டு, அங்கே வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டுநர் ஒருவர். எல்லாம் முடிந்து படித்துப் பார்த்தால் பத்தி செத்துக் கிடந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தேன். புதன்கிழமைகளில் அவள் பச்சைப்புளி ரசம் கரைப்பாள், அன்றைக்கு அங்கே சாப்பிடுவதற்காக ஓட்டுநர்கள் மலைக்கு மேலே வண்டியை நிறுத்திவைப்பார்கள் என்று. நாம் எழுதிய அத்தனை அறிக்கைகளிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். பெருமையாக உன்னிடம் நீட்டினேன்.

நீ படித்ததும் பென்சிலை எடுத்தாய். அந்த வரியை அடித்தாய்.

"ஏன்டி?"

"இந்த ரோட்டுல இதை வேற யார் கரைக்கிறாங்க, சொல்லு?"

"மராத்திக்காரருக்கு ரசமும் சாம்பாரும் ஒண்ணுதான். யாருக்குத் தெரியப்போவுது? ஒரு சாப்பாட்டு விஷயம்டி."

"மராத்திக்காரன் படிச்சா பரவாயில்லை. நாமக்கல்காரன் படிச்சா? அரே, உனக்கு ரொம்பப் பிடிச்ச வரியிலதான் ஆளு மாட்டிக்குவான்." சொல்லிவிட்டு ஓரத்திலும் எழுதினாய். 'இது வேண்டாம். அவள் யாரென்று தெரிந்துவிடும்.'

மறுநாள் நீ சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஆற்காடு போய்விட்டாய். ஒரு வாரம். சார் அவசரப்படுத்தினார். நான் உன் குறிப்புக்குக் கீழே நீல மையில் எழுதினேன். 'இருக்கட்டும். இது இல்லாவிட்டால் உயிரே இல்லை.' எழுதிவிட்டு, அந்த வரியோடேயே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ இல்லாததால்தான் செய்தேன். இதை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன்.

திரும்பி வந்து அச்சான அறிக்கையைப் பார்த்தாய். அந்தப் பக்கத்தில் உன் விரல் நின்றது. டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாய். நீ சண்டை போடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அறிக்கை வெளியே போகாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எப்படியோ ஒரு மராத்தி நாளிதழுக்குப் போய்விட்டது. நம் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், ரசத்தோடு. லாரி புக்கிங் அலுவலகங்களில் அந்த இதழ்தான் வாங்குவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரம் கழித்து, கண்டாலா மலைப்பாதையில் சரசுவின் அண்ணன் வண்டி கவிழ்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதியது. இருக்கலாம். அந்த இறக்கத்தில் எத்தனையோ வண்டி கவிழ்ந்திருக்கிறது. நாம் தளேகாவுக்கு ஓடியபோது கொட்டகை பிரிந்து கிடந்தது, அடுப்பை உடைத்திருந்தார்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பிரேக் அடுப்பை உடைக்காது.

திங்கட்கிழமை சார் கூட்டம் போட்டார். நாளிதழை மேசையில் விரித்து அந்தப் பத்தியில் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ எழுந்து நின்றுவிட்டாய்.

"மேரா ஹை, சார். நான்தான் சேர்த்தேன்."

வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு எளிதாக இருந்தது.

படியில் இறங்கும்போது உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன்டி இப்படிச் செய்தாய் என்றேன். உன் புருஷன் வேலை செய்யற ஃபாக்டரி மூடிக் கிடக்கு, நீயும் வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவே என்றாய், கோபமே இல்லாமல். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சல், வா, சாய் குடிக்கலாம்," என்றாய். குடித்தோம். அந்த வார இறுதியில் நீ வேலையை விட்டாய். பிறகு விமான் நகரில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை ஆனாய். வரைபடத்தை விட மனசு வரவில்லை போலும்.

நான் அங்கேயே இருந்தேன். பெரிய ஆளானேன். கருத்தரங்குகளில் புதிய கும்பல்களைப் பற்றியும் மாறிவரும் வழிகளைப் பற்றியும் பேசக் கூப்பிட்டார்கள், போனேன். தகவல் தருகிறவர்களை எப்படிப் பாதுகாப்பது என்று இளைஞர்களுக்கு வகுப்புக்கூட எடுத்திருக்கிறேன். அதில் ஒரு உதாரணம் சொல்வேன், என் சிநேகிதி ஒருத்தி ஒரு வரியை அடிக்காமல் விட்டுவிட்டதால் என்ன நடந்தது என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. நீ அந்த வரியைப் பார்த்தாய், விட்டுவிட்டாய் என்றுதான் மனசுக்குள் படிந்துபோயிருந்தது. பென்சில் கோடு எனக்கு மறந்தே போனது. வெட்கமாக இருக்கிறது. நீ இருந்தபோது வெட்கப்பட்டிருந்தால் பிரயோஜனம் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்த மதியம் நினைவிருக்கிறது. தலையில் முடி இல்லை. உன் அம்மா பின்னிய ஊதாக் குல்லாய், அதில் நீ ஏதோ குறும்புக்காரப் பிள்ளை மாதிரி இருந்தாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மேப் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"தளேகாவ்ல குத்தின பின்னைப் பிடுங்கிட்டியா?"

"எப்பவோ பிடுங்கிட்டேனே," என்றேன். பொய். வரைபடத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன், குண்டூசியோடுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வரி இருக்கே…" என்று ஆரம்பித்தேன்.

"எந்த வரி?" என்று கண்ணை மூடிக்கொண்டாய். உனக்குத் தூக்கம் வருகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ பேசும் நிலையில் இல்லை.

இப்போது இந்தத் தாள். பன்னிரண்டு வருடம் நீ இதைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. காட்டியிருந்தாலும் உன் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் உன் அம்மா ஒருவர்தான், அவருக்கும் கண் மங்கி எழுத்து தெரியாது. கோபத்தில் வைத்திருந்தாயா, அன்பில் வைத்திருந்தாயா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உறைமேல் என் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறாய், அதுவும் தமிழில். நான் கற்றுக்கொடுத்த எழுத்து.

வியாழக்கிழமை சரசுவைப் பார்க்கப் போனேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று உன் தம்பிக்குத் தெரிந்திருந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு தமிழ்க் கல்யாணச் சமையல்காரரிடம் வேலை செய்கிறாள், அந்த இடத்தை நீதான் பார்த்துக்கொடுத்தாயாம். மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை நீ.

தலை நரைத்துவிட்டது அவளுக்கு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று எனக்கே பயம். அந்த வரியை எழுதியது நான், நீ அடித்தாய், நான்தான் திரும்பச் சேர்த்தேன் என்று முழுதும் சொன்னேன்.

சரசு என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க ஒரு நாளும் உங்க பேரச் சொல்லலீங்க," என்றாள். "நாங்க எழுதினோம், நாங்க எழுதினோம்னுதாஞ் சொல்லுவாங்க. வரும்போதெல்லாம் அழுவாங்க. நாந்தான் தேத்தி அனுப்புவேன். யார் எழுதினா என்னங்க, எங்கண்ணன் எந்திரிச்சா வரப்போறான்?"

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மாவுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் அந்த ரசத்த நான் கரைக்கறதே இல்லீங்க. கல்யாணத்துல யாராச்சுங் கேட்டாக்கூட, தெரியாதுன்னு சொல்லிப்போடுவேன்."

மன்னித்தாளா என்று கேட்காதே. தெரியவில்லை. வாசல் வரை வந்தாள், பஸ் எங்கே நிற்கும் என்று காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து வரைபடத்தை இறக்கினேன். நூல்கள் எல்லாம் நிறம் போய் உதிர்ந்துவிட்டன. தளேகாவ் குண்டூசி மட்டும் துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. பிடுங்கியபோது அந்த இடம் கிழிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் இளைஞர்களிடம் என் உதாரணத்தைத் திருத்திச் சொல்லப்போகிறேன். சிநேகிதி என்று சொன்ன இடத்திலெல்லாம் நான் என்று. உன் தம்பிக்கும் அந்தத் தாளைப் படித்துக் காட்ட வேண்டும். ரசம் வைக்கிற முறை என்று அவன் எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பான்?

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பென்சில் பழக்கம். இப்போது யார் அறிக்கை என் மேசைக்கு வந்தாலும், முதலில் எனக்கு ரொம்பப் பிடித்த வரியைத் தேடுகிறேன். அதில் யாராவது உயிரோடு நின்றுகொண்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். நின்றால் அடித்துவிடுகிறேன். எழுதியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அன்றைக்கு நான் சுளித்த மாதிரியே.

இந்த மடலிலும் அப்படித்தான். அவள் பெயர் சரசு இல்லை. கிழமை புதன் இல்லை. அவள் கரைத்தது பச்சைப்புளி ரசமும் இல்லை, வேறொன்று. அது என்னவென்று எழுதிய வரி ஒன்று இங்கே இருந்தது, நன்றாகவே இருந்தது. நீ பென்சிலை எடுப்பதற்கு முன்னால் நானே அடித்துவிட்டேன்.